மருந்தும் நன்றியும்: சுவைட்சரின் ஒகோவே நூல் பற்றி

அல்பேர்ட் சுவைட்சரைப் பற்றி நாம் தமிழிற் படித்தவற்றுட் பெரும்பாலானவை துதிகளே. பள்ளிக்கூட வாசக நூல்களிலே அவர் கருணையின் திருவுருவாக வருகிறார். வீணையைத் துறந்து விலங்கும் நோயும் நிறைந்த காட்டுக்குச் சென்ற முனிவரைப் போல அவரை நம் மாணவர்க்கு அறிமுகஞ் செய்து வைக்கின்றனர். மற்றொரு சாரார், முற்போக்காளர் என்று தம்மைக் கூறிக்கொள்வோர், அவர் ஏகாதிபத்தியம் அணிந்துகொண்ட வெள்ளை அங்கி என ஒரே வாக்கியத்திற் தீர்ப்பளித்து அப்பாற் போய்விடுகின்றனர். இவ்விரு சாராருக்குமிடையே ஓர் ஒற்றுமை உண்டு. இருவருமே அவர் எழுதிய நூலைப் படிக்கும் சிரமத்தை மேற்கொள்வதில்லை.

நாம் அந்நூலைப் படித்தோம். ‘நீருக்கும் ஆதிவனத்துக்கும் இடையில்’ என்ற பொருள்படும் பெயருடன் 1921ஆம் ஆண்டில் ஜேர்மன் மொழியில் வெளிவந்து, மறு ஆண்டே ‘ஆதிவனத்தின் விளிம்பில்’ என ஆங்கிலத்திலும் வந்த சிறிய நூல் அது. அதைப் படித்தபின் மேலே கூறிய இரு சாராரோடும் சேர நம்மால் இயலவில்லை. இலக்கிய மாணவர் என்ற முறையிலும், சமுதாயத்தின் நோய்க்கு மருந்து தேடுவோர் என்ற முறையிலும், இந்நூலை அணுக வேண்டிய தேவை நமக்கு உண்டு. தொலைதூரக் கிராமத்துக்கு மருந்துப் பெட்டியுடன் செல்லும் படித்த மனிதனைப் பற்றி எழுதப்படும் எழுத்துக்கெல்லாம் இன்றுவரை இந்நூலே மறைமுகமான மாதிரியாக இருந்து வருகின்றது. நம்முடைய சிறுகதைகளும் அதற்கு விலக்கல்ல.

ஆசிரியரின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறலாம். 1875இல் அல்சாசிற் பிறந்தவர், இறையியலாளர், பாக் என்னும் இசை மேதையின் ஆக்கங்களை ஓர்கன் வாத்தியத்தில் வாசிப்பதிலும் விளக்குவதிலும் பெயர்பெற்றவர். முப்பதாவது வயதில் ஸ்ட்ராஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவராகச் சேர்ந்தார். 1913ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், தாதிப் பயிற்சி பெற்ற தம் மனைவி ஹெலேனாவுடன், அன்றைய பிரெஞ்சு மத்திய ஆபிரிக்காவில், இன்றைய கபோன் நாட்டில், ஒகோவே ஆற்றங்கரையிலுள்ள லம்பரேனே மிஷன் நிலையத்தை அடைந்தார். பாரிஸ் மிஷன் சங்கத்தார் அவருடைய சமயக் கருத்துக்களைக் கண்டு அஞ்சினர். வைத்தியம் மட்டுமே பார்ப்பேன், போதகத்தில் வாய் திறவேன் என்ற உறுதியை அவர் அளித்த பின்னரே இணங்கினர். செலவுக்கான பணத்தைத் தம் கச்சேரிகளாலும் நூல்களாலும் நண்பரின் நன்கொடையாலும் அவரே திரட்டிக்கொண்டார். இச்செய்தியை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

நூலின் முதற்பகுதியிலே நம்மைக் கவர்வது அதன் சிறு விவரங்கள். வைத்தியசாலை என்று கூற ஒரு கட்டிடமும் இல்லை. வீட்டுக்கு வெளியே திறந்த வெளியிலேயே நோயாளரைப் பார்க்கிறார். மாலை மழை வந்தால் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு விறாந்தைக்கு ஓட வேண்டும். பின்னர் ஒரு பழைய கோழிக்கூட்டைத் துப்புரவாக்கி, வெள்ளையடித்து, தட்டுக்கள் பொருத்தி, அதுவே மருந்தறையும் சோதனை அறையுமாகிறது. ஒவ்வொரு நோயாளியின் கழுத்திலும் நாரிற் கோத்த வட்டமான கடதாசி மட்டைத் துண்டொன்று தொங்குகிறது. அதில் எழுதிய இலக்கம் பேரேட்டிலுள்ள இலக்கத்தோடு பொருந்தும். அந்த மட்டையை மக்கள் பெரிதும் பேணிக் காத்தனர் என்கிறார். காலையில் உதவியாளர் நின்று சட்டங்களை உரத்துச் சொல்கிறார்: வீட்டருகே துப்பலாகாது, சத்தமிடலாகாது, அன்றைய உணவைக் கையோடு கொண்டுவர வேண்டும், மருந்து கொடுத்த போத்தலையும் தகரப் பெட்டியையும் திருப்பித் தர வேண்டும்.

இந்தப் போத்தல் விஷயம் நூல் முழுவதும் திரும்பத் திரும்ப வருகின்றது. ஈரம் மிகுந்த காட்டிலே தூள் மருந்தைக் கடதாசியில் மடித்துக் கொடுத்தால் அன்றே கெட்டுவிடும். போத்தலோ திரும்பி வருவதில்லை. ஐரோப்பாவிலுள்ள நண்பர்களே, வெற்றுப் போத்தல்களை எறியாதீர்கள், எமக்கு அனுப்புங்கள் என்ற வேண்டுதல் அவரது எழுத்தில் நகைச்சுவையாகவும் ஏக்கமாகவும் ஒலிக்கிறது. காட்டைப் பற்றி எழுதிய ஐரோப்பியர் பலர் இருளையும் மர்மத்தையும் அடுக்கிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு போத்தலின் மூடியைப் பற்றி இரண்டு பக்கம் கவலைப்படுபவரை யதார்த்தவாதி என்று அழைக்க நாம் தயங்கவில்லை. முதல் ஒன்பது மாதங்களில் ஏறத்தாழ 2000 நோயாளரைப் பார்த்ததாகக் குறிப்பிடுகிறார். மலேரியா, வயிற்றுளைவு, தொழுநோய், தூக்க நோய், யானைக்கால், காலை அரித்துத் தின்னும் புண்கள், குடலிறக்கம், பறங்கி. கடைசியிற் கூறிய நோய் நமது வன்னிக் கிராமங்களைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே சூறையாடியது. அதற்கு நம் மக்கள் இட்ட பெயர் சிந்தனைக்குரியது. ஆராய்ச்சியாளர் என்ன கூறினும், நோய் எத்திசையிலிருந்து வந்ததென்று சாதாரண குடியானவன் கருதினான் என்பதை அப்பெயர் சொல்லாமற் சொல்கிறது.

இனி, யாவரும் மேற்கோள் காட்டும் காட்சிக்கு வருவோம். குடல் இறங்கி நெரிபட்ட நோயாளி ஒருவன் ஓடத்திற் கொண்டுவரப்படுகிறான். வைத்தியர் வருமுன்னர் இத்தகையோர் குடிசை மணலிற் புரண்டு அலறியே மடிந்தனர் என்பதை ஆசிரியர் எடுத்துரைக்கிறார். சத்திர சிகிச்சை நடைபெறுகிறது. மனைவி மயக்க மருந்து கொடுக்க, உதவியாளர் கையுறை அணிந்து துணை நிற்கிறார். பின்னர் இருண்ட கொட்டிலிலே நோயாளி விழிக்கிறான். நோவு போய்விட்டது என்கிறான். அவனது கை வைத்தியரின் கையைத் தேடிப் பற்றிக்கொள்கிறது, விட மறுக்கிறது. அப்போது வைத்தியர், தம்மை இங்கு அனுப்பியவர் இயேசு என்றும், மருந்துக்குப் பணம் தருவோர் ஐரோப்பாவிலுள்ள வெள்ளையர் என்றும் கூறத் தொடங்குகிறார். கோப்பிச் செடிகளினூடே வெயில் கொட்டிலுக்குள் விழுகிறது. கறுப்பரும் வெள்ளையரும் அருகருகே அமர்ந்து சகோதரராக உணர்கின்றனர். நன்கொடை தந்த நண்பர்கள் இந்த ஒரு மணி நேரத்தையேனும் இங்கு வந்து அனுபவிக்க மாட்டார்களா என்ற ஏக்கத்தோடு காட்சி முடிகிறது.

உயிர் காத்தவர் மீது குறை காண்பது நமது நோக்கமன்று. அம்மனிதன் பிழைத்தான்; அதைவிடப் பெரிய உண்மை அக்கொட்டிலில் இல்லை. ஆனால் எழுத்தாக அதை நோக்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. இக்காட்சி யாருக்காக அமைக்கப்பட்டிருக்கிறது? பிழைத்தவனின் பெயரை நாம் அறியோம். அவனது ஊர், தொழில், மனைவி மக்கள், அவன் என்ன பாரந் தூக்கியதால் குடல் இறங்கியது, எதையும் அறியோம். அவனது கையை மட்டும் அறிகிறோம், அதுவும் நன்றி கூறும் கையாக. கொட்டிலின் கதவு ஐரோப்பாவை நோக்கித் திறந்திருக்கிறது. 1917இல் ஜேர்மன் பிரஜை என்பதற்காகக் கைதியாகப் பிரான்சுக்குக் கொண்டுசெல்லப்பட்ட சுவைட்சர், போர் முடிந்தபின் கடனாளியாக நின்றார். 1920இற் சுவீடனில் விரிவுரைகளும் கச்சேரிகளும் நிகழ்த்தியே வைத்தியசாலைக் கடனை அடைக்கலானார். இந்நூல் பிறந்த சூழல் அதுதான். நன்கொடையாளரே இதன் முதல் வாசகர். ஆசிரியர் பொய் கூறவில்லை. எனினும் எந்த உண்மையை எந்த இடத்தில் வைப்பது என்பதை நன்கொடைப் பட்டியலும் ஓரளவு தீர்மானித்திருக்கிறது. இலக்கியத்தின் பொருளாதார அடித்தளம் என்று நாம் அடிக்கடி பேசுகிறோம். இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

இதற்கு நேர்மாறான காட்சி ஒன்றும் இதே நூலில் உண்டு. அதை எவரும் மேற்கோள் காட்டுவதில்லை. உலகப் போர் ஆபிரிக்காவுக்கும் வந்துவிட்டது. கமரூனில் ஜேர்மன் படையோடு போரிடும் பிரெஞ்சுப் படைக்குச் சுமை தூக்க ஒகோவே மக்களை வலிந்து பிடித்து ஏற்றிச் செல்கின்றனர். நீராவிக் கப்பல் புகையைக் கக்கிக்கொண்டு மறைந்துவிட்டது. கூட்டம் கலைந்து போயிற்று. கரையிலே ஒரு கல்லின்மீது, மகனைப் பறிகொடுத்த கிழவி ஒருத்தி சத்தமின்றி அழுதுகொண்டிருக்கிறாள். வைத்தியர் அவளது கையைப் பற்றித் தேற்ற முயல்கிறார். அவள் காதில் அது விழவேயில்லை, அழுதுகொண்டேயிருக்கிறாள். சாயும் சூரியனை நோக்கித் தாமும் அவளைப்போலவே மௌனமாக அழுதுகொண்டிருப்பதை அவர் திடீரெனக் காண்கிறார்.

இங்கும் ஒரு கை இன்னொரு கையைப் பற்றுகிறது. ஆனால் இம்முறை பற்றுவது வைத்தியரின் கை. கொடுப்பதற்கு அவரிடம் மருந்தில்லை, கூறுவதற்கு உபதேசமில்லை, ஐரோப்பிய நண்பருக்கு எடுத்துக்காட்ட எதுவுமில்லை. அவளுக்கோ அவர் அங்கிருப்பதே தெரியாது. நூலின் மிகச் சிறந்த பகுதி இது என்பது நமது துணிபு. முதற் காட்சியிற் சகோதரத்துவம் என்ற சொல் வருகிறது. இரண்டாவதில் அச்சொல் வரவில்லை, அது நிகழ்கிறது. இலக்கிய மாணவர் இவ்விரண்டையும் பக்கத்திற் பக்கம் வைத்துப் படிப்பாராக.

போரைப் பற்றிய பகுதியில் இன்னொரு கிழவரும் வருகிறார். ஒகோவேயில் வாழ்ந்த வெள்ளையருட் பத்துப் பேர் போரில் மாண்டனர் என்று கேட்டதும் அவர் அதிர்ந்து போகிறார். பத்துப் பேரா! இந்தக் குலத்தார் ஒன்றுகூடிப் பேசித் தீர்த்துக்கொள்ள மாட்டார்களா, இத்தனை பிணங்களுக்கும் எப்படி ஈடு செலுத்தப் போகிறார்கள் என்று வினவுகிறார். அவரது வழக்கப்படி வென்றவரும் தோற்றவரும் கொன்றதற்கு ஈடு கொடுத்தேயாக வேண்டும். காட்டுமிராண்டி எனப்பட்டவன் நாகரிகத்தின் கணக்கைக் கேட்கும் இவ்விடத்தை ஆசிரியர் மறைக்காமல் எழுதியிருப்பது அவரது நேர்மைக்குச் சான்று.

நேர்மை என்று கூறினோம். அதனை இன்னும் அழுத்திக் கூற வேண்டும். ஏனெனில், குடியேற்ற ஆட்சிக்கு எதிரான குற்றப்பத்திரிகை முழுவதும் இந்நூலுக்குள்ளேயே சிதறிக் கிடக்கிறது. தூக்க நோயைப் பற்றி எழுதும்போது, முன்னர் அது சில இடங்களோடு அடங்கியிருந்தது, ஐரோப்பியர் ஓடக்காரரையும் சுமைகாரரையும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு இட்டுச் சென்றபோதே பரவிற்று என அவரே விளக்குகிறார். மரத் தொழிலைப் பற்றிய அத்தியாயம் இன்னும் கூர்மையானது. ஒக்கூமே மரங்களை வீழ்த்தி, சதுப்பினூடே ஆற்றுக்கு உருட்டி, தெப்பமாகக் கட்டிக் கடலோரத்துக்கு மிதக்க விடுகின்றனர். மரத்துக்கு நல்ல விலை கிடைக்கும் காலமே ஒகோவேயின் பஞ்ச காலம் என்கிறார். மரவள்ளியும் வாழையும் பயிரிடும் தோட்டங்களைக் கைவிட்டு ஆண்கள் மரம் வெட்டப் போய்விடுகின்றனர். இறக்குமதியான அரிசியையும் தகரத்தில் அடைத்த உணவையும் கூலிப் பணத்தால் வாங்குகின்றனர். பணத்தின் மீதி ரம் சாராயமாகக் கரைகிறது. கறுப்பன் சோம்பேறி அல்லன், தன் தேவைக்கு மட்டும் உழைக்கும் சுதந்திரன் என்று கூறிவிட்டு, அவனை இடையறாது உழைக்க வைப்பதற்கே அரசு தலைவரியையும், வியாபாரம் புதிய தேவைகளையும் ஏற்படுத்துகின்றன என்பதையும் தெளிவுறக் காட்டுகிறார். ஒரு பொருளாதார ஆசிரியன் வகுப்பறையிற் கூறக்கூடியதை இவர் குடலைத் தைத்துவிட்டு வந்து எழுதுகிறார்.

இவ்வளவையும் கண்ட கண், இவற்றை ஏன் ஒன்றாக இணைத்துக் காணவில்லை? இதுவே நமது விமர்சனத்தின் மையம். புண் என்பது ஒரு அத்தியாயத்தில் இருக்கிறது. சதுப்பில் நின்று மரம் உருட்டுவது இன்னொரு அத்தியாயத்தில் இருக்கிறது. கொட்டிலில் விழிக்கும் குடலிறக்க நோயாளி மர வியாபாரியிடம் கூலி வேலை செய்தவனா என்று ஆசிரியர் கேட்பதேயில்லை. 1899ஆம் ஆண்டில் பிரெஞ்சு கொங்கோவின் மிகப் பெரும் பகுதி சுமார் நாற்பது கம்பெனிகளுக்குத் துண்டு துண்டாக ஏகபோகமாய் வழங்கப்பட்டது. மேல் ஒகோவே கம்பெனி அதற்கும் முன்னரே அவ்வாற்றில் நிலைகொண்டுவிட்டது. அதே பிரெஞ்சு ஆபிரிக்காவில் பின்னர் பிரயாணஞ் செய்த அந்திரே ஜீத் என்னும் நாவலாசிரியர், 1927இல் வெளியிட்ட கொங்கோப் பிரயாண நூலிலே றப்பர்க் கம்பெனியின் கொடுமைகளைப் பெயர் சுட்டி எழுதி, பிரெஞ்சுப் பாராளுமன்றத்திலேயே விவாதம் எழச் செய்தார். ஜீத் மருந்து கொண்டு போகவில்லை. யாருடைய உயிரையும் அவர் காக்கவில்லை. ஆயினும் நோயின் காரணத்தைச் சுட்ட அவரது விரல் தயங்கவில்லை. மிஷனின் நிலத்தில், அரசின் அனுமதியில், வியாபாரிகளின் நட்பில் தங்கியிருந்த வைத்தியருக்கு அது எளிதன்று என்பதை நாம் உணர்கிறோம். உணர்வது வேறு, அதை நியாயமாக ஏற்பது வேறு.

தீர்வு என்று வரும்போது அவர் தளர்ந்து விடுகிறார். முதல் வெள்ளையனின் ஓடம் சாராயமும் உப்பும் துணியும் கொண்டு வந்த அன்றே அம்மக்களின் சுதந்திரம் போய்விட்டது, ஆகவே அரசியல் விடுதலை பற்றிப் பேசிப் பயனில்லை என்பது அவரது வாதம். தாம் கறுப்பனுக்குச் சகோதரன்தான், ஆனால் மூத்த சகோதரன் என்று உறவையும் வரையறுத்துக் கொள்கிறார். இந்த ‘மூத்த’ என்ற ஒரு சொல்லுக்காக ஆபிரிக்க எழுத்தாளர் அவரை மன்னிக்கவில்லை. நைஜீரியாவின் சினுவா அச்சிபி 1975இல் கொன்றாட்டின் நாவலைப் பற்றி நிகழ்த்திய பேருரையில் இதனைக் குறிப்பிட்டு, மூத்தவன் தம்பிமார்க்கு ஏற்றதெனக் கருதும் வைத்தியசாலையைத்தான் கட்டுவான் என்ற கருத்தில் ஏளனஞ் செய்தார். நமது குடும்ப அமைப்பை அறிந்த வாசகருக்கு இதன் கனம் நன்கு விளங்கும். தமையன் தம்பிக்குச் செலவழிப்பான், தம்பிக்காக அழுவான். காணி உறுதியை மட்டும் தன் பெட்டியிலேயே வைத்துக்கொள்வான்.

கோழிக்கூட்டு நாட்களிலிருந்து உதவியாளராக இருந்த ஜோசப் என்பவரை இங்கு நினைவுகூர வேண்டும். கலோவா இனத்தவர். முன்னர் சமையற்காரர். ஆகையால் நோயாளியின் உடலை இறைச்சிக் கடைப் பெயர்களாலேயே மொழிபெயர்ப்பார்; இவனுக்கு வலப்பக்கத் தொடையிறைச்சியில் நோவு என்பார். பிரெஞ்சும் ஆங்கிலமும் எட்டு ஆபிரிக்க மொழிகளும் பேசுவார். எழுத்தறியார், ஆயினும் போத்தல்மீது ஒட்டிய சொல்லின் வடிவத்தை நினைவில் வைத்துப் பிழையின்றி மருந்தை எடுத்துத் தருவார். சாகப்போகிறவனை ஏற்றுக்கொள்ளாதீர், உம்முடைய பெயர் கெட்டுவிடும் என்று வைத்தியருக்கே தொழில் நுணுக்கம் கற்பிப்பார். நூல் முழுவதிலும் இரத்தமும் தசையும் கொண்டு நடமாடும் ஒரே ஆபிரிக்கர் இவரே. ஏனென்றால் இவர் நன்றி கூற வந்தவர் அல்லர், வேலை செய்ய வந்தவர்.

போர்க் காலத்திலே பண முடை வந்தது. ஜோசப்பின் மாதச் சம்பளம் 70 பிராங்கிலிருந்து 35 ஆகக் குறைக்கப்பட்டது. இவ்வளவு சிறிய தொகைக்கு உழைக்கத் தம் மானம் இடங்கொடாது என்று கூறி அவர் விலகினார். சேமிப்புப் பெட்டியில் இருந்த பணத்தையும் சில வாரங்களில் ஊதாரியாய்ச் செலவழித்தார் என்று ஆசிரியர் சிறிது நகைப்போடு எழுதுகிறார். அந்த நகைப்பு நமக்கு உவப்பானதன்று. நீராவிக் கப்பலின் சுமைகாரனுக்காக அழுதவர், தம் கொட்டிலின் தொழிலாளி சம்பளம் பற்றிப் பேசியபோது முகஞ் சுளித்தார். தர்ம ஸ்தாபனங்களிற் பணிபுரிந்த நம் ஆசிரியர் பலருக்கு இந்த அனுபவம் புதிதாய் இராது.

மற்றொரு விஷயத்திலும் ஜோசப்பின் கதை நம்மைச் சிந்திக்க வைக்கிறது. சுவைட்சர் 1924இல் மீண்டும் லம்பரேனேக்கு வந்தார். 1927இல் புதிய இடத்தில் பெரிய வைத்தியசாலையை நிறுவினார். 1952ஆம் ஆண்டின் நோபல் சமாதானப் பரிசுப் பணத்தைத் தொழுநோயாளர் கிராமத்துக்குச் செலவிட்டார். 1965இல் தொண்ணூறு வயதில் அங்கேயே மறைந்தார். கபோன் 1960இலேயே சுதந்திர நாடாகிவிட்டது. இந்த நீண்ட காலத்தில், ஆபிரிக்கரை வைத்தியராகப் பயிற்றும் கல்விக்கூடம் ஒன்று அங்கு உருவாகவில்லை. ஐரோப்பாவிலிருந்து வைத்தியர் வந்துகொண்டிருந்தனர். ஆபிரிக்கர் உதவியாளராகவே இருந்தனர்.

இவ்விடத்தில் நமது மானிப்பாய் நினைவுக்கு வருவது இயல்பே. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். அவரும் மிஷனரியே, அவரும் ஆன்மாக்களைத் தேடி வந்தவரே, அவருடைய மதமாற்ற ஆர்வத்தை நாம் மூடி மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் மருந்தோடு நிற்கவில்லை. உள்ளூர் இளைஞரை வைத்தியராகப் பயிற்றினார். 1860களில் அப்பயிற்சியைத் தமிழ் மொழியிலேயே நடத்தலானார். ‘இரண வைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘கெமிஸ்தம்’ முதலிய நூல்கள் அம்முயற்சியின் விளைவு. நரம்புக்கும் நாளத்துக்கும் அமிலத்துக்கும் சொல் தேடித் தமிழ் மாணவரோடு அமர்ந்து உழைத்தார். 1873இல் அவர் நாட்டை விட்டு நீங்கியபோது அவரிடம் கற்றவர் இங்கு வைத்தியம் செய்துகொண்டிருந்தனர். ஜோசப்பின் நினைவிலிருந்த சொல்லின் வடிவத்துக்கும், மானிப்பாய் மாணவன் கையிலிருந்த தமிழ் நூலுக்கும் இடையே உள்ள தூரத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். பின்னர் ஆங்கிலக் கல்வி வந்து அந்நூல்களை அலுமாரியில் ஏற்றியது. அது நமது வெட்கத்துக்குரிய தனிக் கதை.

சுவைட்சர் லம்பரேனேக்குச் சென்ற அதே 1913ஆம் ஆண்டில் வெளிவந்தது லெனாட் வூல்ப் எழுதிய ‘காட்டினுட் கிராமம்’ என்னும் நாவல். அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த அவர் அங்கு கண்ட சிங்களக் குடியானவரைப் பற்றி எழுதினார். அதிலும் காடு, காய்ச்சல், பசி எல்லாம் உண்டு. மீட்பர் மட்டும் இல்லை. சேனை வெட்டும் அனுமதியைத் தலைமைக்காரன் கையில் வைத்திருக்கிறான். கடன்காரன் விளைச்சலைக் கொண்டு போகிறான். காய்ச்சலும் பட்டினியும் எஞ்சியதைத் தின்கின்றன. இறுதியிற் காடு கிராமத்தையே மூடிவிடுகிறது. ஓர் ஆட்சியாளனாலேயே இவ்வாறு எழுத முடிந்தது என்பது வியப்புக்குரியது. அவ்வாட்சியின் நீதிமன்றமே அப்பாவியைச் சிறைக்கு அனுப்புவதையும் அவர் எழுதினார். நோயை நிலத்தோடும் கடனோடும் பிணைத்துக் காட்டிய வகையில் வூல்ப் சுவைட்சரை விஞ்சி நிற்கிறார். ஆனால் வூல்பின் கிராமத்தவர்க்கு ஒரு குளிசை கொடுக்கவும் எவருமில்லை என்பதையும் கூறாமல் விட்டால் நாம் அநீதி இழைத்தவராவோம்.

மருந்தையும் காரணத்தையும் ஒருங்கே கையிலெடுத்த நிகழ்ச்சி ஒன்று நம் நாட்டு வரலாற்றில் உண்டு. 1934இற் பருவமழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாயின. மலேரியா பரவி, மறு ஆண்டு வரை ஏறத்தாழ 80,000 பேரைக் கொண்டு போயிற்று. கேகாலை, குருநாகல் மாவட்டங்களின் கிராமங்கள் வெறிச்சோடின. சூரியமல் இயக்கத்து இளைஞர் கொயினாவோடும் பருப்போடும் அக்கிராமங்களுக்குச் சென்றனர். டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க அவர்களும் என். எம். பெரேரா அவர்களும் அப்பணியில் முன்னின்றனர். பட்டினியால் நலிந்த உடலே காய்ச்சலுக்கு இரையாகிறது என்பதைக் கண்டவர்கள், அதைக் கிராமத்திலேயே விட்டுவிட்டு வரவில்லை. மேடையிலும் சட்டசபையிலும் எடுத்துப் பேசினர். 1935 டிசெம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்ததற்கு அந்த அனுபவமும் ஓர் ஊற்று. பிற்காலத்தில் அவ்வியக்கத்தினர் எத்தகைய பாதைகளிற் சென்றனர், மலைநாட்டுத் தமிழ்த் தொழிலாளருக்கும் தமிழ் மொழிக்கும் எவ்வாறு முகங்கொடுத்தனர் என்பது நாம் அறிந்ததே. அதற்காக அந்த ஓராண்டை வரலாற்றிலிருந்து கிழித்தெறிய முடியாது.

சுவைட்சர் தம் நூலின் முடிவில் ஒரு கருத்தை முன்வைக்கிறார். ஐரோப்பியர் குடியேற்ற நாட்டு மக்களுக்குச் செய்யும் நன்மை எதுவும் தர்மமன்று. தாம் இழைத்த கொடுமைகளுக்கான பிராயச்சித்தமே என்கிறார். 1921இல் ஒரு வெள்ளையர் இவ்வாறு எழுதத் துணிவு வேண்டும். 1957இல் ஒஸ்லோ வானொலி மூலம் அணுகுண்டுப் பரிசோதனைகளைக் கண்டித்துக் குரலெழுப்பியவரும் இவரே. ஆகவே அவரை ஏகாதிபத்தியத்தின் அங்கி என்போர் தம் தீர்ப்பைத் திருத்திக்கொள்ள வேண்டும். எனினும் பிராயச்சித்தம் என்பது கொடுப்பவனின் மனச்சாட்சியைச் சார்ந்தது. எவ்வளவு கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்பதை அவனே தீர்மானிக்கிறான். கடன் என்றால் கடன் கொடுத்தவன் வாசலில் வந்து நின்று கேட்கலாம். இத்தனை பிணங்களுக்கு எப்படி ஈடு செலுத்துவார்கள் என்று வினவிய ஒகோவேக் கிழவர் பேசியது பிராயச்சித்தத்தைப் பற்றியன்று.

நம்மவரின் எழுத்துக்கு வருவோம். மருத்துவ முகாம்களைப் பற்றி ஆண்டு மலர்களில் வரும் கட்டுரைகளையும், கிராமத்துக்கு மாற்றலாகிச் செல்லும் இளம் டொக்டரைக் கதாநாயகனாக்கும் சிறுகதைகளையும் வாசகர் அறிவர். பாதை கரடுமுரடு, கிராமம் வறியது, நோயாளர் தொகை இத்தனை, வயோதிப மாது ஒருத்தி கண்ணீர் மல்கக் கைகூப்பினாள், திரும்பும்போது நெஞ்சம் நிறைந்திருந்தது. அந்தக் கைகூப்பல் லம்பரேனேயின் இருண்ட கொட்டிலிலிருந்து வந்தது. சுவைட்சராவது அங்கேயே அரை நூற்றாண்டு இருந்தார். நமது கட்டுரையாளர் மாலையே திரும்பிவிடுகிறார். இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாதத்துக் குளிசை கொடுக்கப்பட்டது என எழுதுபவர், இரண்டாம் மாதம் அம்மாது எந்த பஸ்ஸில் ஏறி எந்த ஆஸ்பத்திரிக்குப் போவாள் என்று எழுதுவதில்லை. வடமத்திய மாகாணத்திலும் வவுனியாப் பகுதியிலும் 1990கள் தொடக்கம் காணப்பட்டுவரும் சிறுநீரக நோய் பெரும்பாலும் கமக்காரரையே வாட்டுகிறது. முகாமில் இரத்தஞ் சோதித்து முடிவைக் கடதாசியில் எழுதிக் கொடுத்துவிடலாம். அந்தக் கடதாசியோடு வீடு திரும்புபவன் குடிப்பதற்கு எந்தக் கிணற்றில் அள்ளுகிறான், வயலில் எந்த வெயிலில் எவ்வளவு நேரம் நிற்கிறான் என்பதிலிருந்தே எழுத்தாளனின் வேலை தொடங்குகிறது.

முகாம்கள் வேண்டாம் என்று நாம் கூறுவதாக எவரும் திரித்துரைக்க வேண்டாம். கண்ணாடி கிடைத்த கிழவனுக்கு அன்று மாலை உலகம் தெளிவாகத் தெரிகிறது. நமது சித்தாந்தம் அவனுக்கு அதைச் செய்யவில்லை.

உயர் வகுப்பு மாணவர்க்கு உரைநடைப் பகுதி தெரிவு செய்யும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்நூலிலிருந்து மொழிபெயர்த்துப் படிப்பிக்க விரும்பினால், கோப்பிச் செடிகளினூடே வெயில் விழும் பக்கத்தோடு மர வியாபாரம் பற்றிய அத்தியாயத்தையும், ஆற்றங்கரைக் கல்லில் அமர்ந்திருந்த கிழவியின் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜோசப் 35 பிராங்கை மறுத்துச் சென்ற இடத்தையும் விட்டுவிடாதீர்கள். மாணவர் அதில் அதிக நேரம் வாதிடுவர்.